64 பேர் கவுண்டி: ஒரு புள்ளிவிவரம் எப்படிப் பிறக்கிறது?

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது லவிங் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. பரப்பளவு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். 2020 சென்சஸில் மக்கள்தொகை 64. கவுண்டி முழுவதையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், சிலர் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில் அந்தக் கணக்கெடுப்பின்படி இதுதான் கடைசி. இருப்பது மென்டோன் என்ற ஒரே ஊர். அங்கே நீதிமன்றக் கட்டடம் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் விங்க் என்ற ஊருக்குப் படிக்கப் போகிறார்கள்.

1940-ல் இங்கே 285 பேர் இருந்தார்கள். 1990-ல் 107, 2000-ல் 67, 2010-ல் 82, பிறகு 64. கடைசிப் பத்தாண்டில் 22 சதவீதச் சரிவு. படிப்பவருக்கு ஊர் காலியாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஆனால் லவிங் அமைந்திருக்கும் பெர்மியன் படுகை என்ற எண்ணெய் வளப் பகுதியின் பாறைகளைக் கிடைமட்டமாகத் துளைத்து எண்ணெய் எடுக்கும் வேட்டை சூடுபிடித்ததும் அதே பத்தாண்டில்தான். சாலை நிறைய டேங்கர் லாரிகள், வெட்டவெளியெங்கும் தொழிலாளர் முகாம்கள். அத்தனை பேர் வந்து இறங்கிய இடத்தில் தலைக்கணக்கு மட்டும் எப்படிக் குறைந்தது?

விடை, கணக்கெடுப்பவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ‘இன்று எங்கே இருக்கிறீர்கள்’ என்று சென்சஸ் கேட்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி எங்கே வாழ்ந்து எங்கே படுத்து உறங்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறது. வழக்கமான வசிப்பிடம் என்ற இந்த விதி 1790-ல் நடந்த முதல் கணக்கெடுப்புக் காலத்திலிருந்தே உள்ளது.

ஒக்லஹோமாவில் வீடும் மனைவி மக்களும் உள்ள ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு வாரம் லவிங்கில் வேலை, அடுத்த இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு. அவருடைய தலை ஒக்லஹோமாவில் எண்ணப்படும். அவருடைய நிறுவனத்தின் கிளை மென்டோனில் பதிவாகியிருந்தால், வேலை லவிங்கில் எண்ணப்படும். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பணியிடத்தைப் பார்த்து எழுதப்படுவது. அவர் வாங்கும் சம்பளமோ தனிநபர் வருமானக் கணக்கில் மறுபடி ஒக்லஹோமாவுக்குப் போய்விடும், ஏனென்றால் அந்தக் கணக்கு ஆள் குடியிருக்கும் இடத்துக்குச் சரிக்கட்டப்படுகிறது. அவர் ஏற்றிச் செல்லும் எண்ணெயின் மதிப்பு லவிங்கின் உற்பத்தியில் சேரும். நிலத்தடி உரிமை வைத்திருப்பவர் ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருந்தால், உரிமைத்தொகை அந்த நகரத்தின் வருமானம். மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு டெக்சாஸ் சட்டம் சொத்துவரி விதிக்கிறது. கவுண்டிக்குரிய பங்கு லவிங் கஜானாவுக்கு வருகிறது. ஒரு லாரி, ஒரு ஆள், ஆறு கணக்கில் பதிவு. எதுவும் பொய்யில்லை.

இதை மறந்துவிட்டுத்தான் சிலர் ஒரு அட்டவணையின் எண்ணை எடுத்து இன்னொரு அட்டவணையின் எண்ணால் வகுத்துவிடுகிறார்கள். லவிங்கின் உற்பத்தி மதிப்பு நூறு கோடி டாலர்களில் அளக்கப்படுவது. வெறும் நூறு கோடி என்று வைத்துக்கொண்டு 64-ஆல் வகுத்தாலும் தலைக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் வரும். உலகின் பணக்கார மூலை என்று தலைப்புப் போடலாம். வகுத்தலில் மேலே உள்ள எண்ணெயை எடுத்தவர்களும் கீழே தலைகளாக நிற்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்பதைத் தலைப்பில் சொல்ல இடமிருக்காது!

வருமானத்தை அளக்கும் இன்னொரு வழி, வீடுதோறும் கேட்பது. சென்சஸை நடத்தும் அரசு அமைப்பான சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் முகவரிகளைக் குலுக்கலில் தேர்ந்து, விரிவான படிவம் அனுப்புகிறது. 65,000 பேருக்குக் குறைவான பகுதிகளில் ஓராண்டு விடைகள் போதாது. ஐந்தாண்டு விடைகளைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். லவிங்கில் சில டஜன் குடும்பங்கள்தான் என்பதால் ஐந்தாண்டு சேர்த்தும் கையில் விழுவது சொற்பம்.

சொற்பம் என்றால் என்ன ஆகும்? ஐந்து குடும்பங்கள் பதில் அனுப்பியதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் முறையே 30,000, 45,000, 60,000, 90,000, கடைசியாக எண்ணெய் உரிமை வைத்திருக்கும் குடும்பத்துக்கு 12 லட்சம் டாலர். சராசரி 2,85,000. அப்படியொரு வருமானமுள்ள வீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் வரிசையின் நடுவில் நிற்பவரைப் பார்க்கும் ‘இடைநிலை’ அளவை விரும்புகிறார்கள்: 60,000. பணக்காரக் குடும்பம் 12 லட்சத்துக்குப் பதில் 12 கோடி ஈட்டினாலும் இது அசையாது. ஆனால் 45,000 டாலர் குடும்பம் குலுக்கலில் விழாமல் போயிருந்தால்? நான்கு பேர் வரிசையில் நடு எண் 75,000 ஆகிவிடும். ஒரே ஒரு படிவம், 25 சதவீத மாற்றம். இந்த ஆட்டத்தைச் சொல்லத்தான் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு பிழை வரம்பு அச்சிடப்படுகிறது. பரபரப்பான தரவரிசைகளில் முதலில் காணாமல் போவதும் அந்தச் சின்ன எண்தான்.

சரி, 64 என்பதாவது உறுதியா? அதுவும் முழுக்க இல்லை. தனிநபர் விவரத்தை வெளியே விட்டால் ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. ஆனால் விவரம் கசிய ஊழியர் தேவையில்லை. வயது, பால், இனம் என்று அட்டவணைகளை அடுக்கி வெளியிட்டால், குறுக்கெழுத்துப் போல அவற்றைப் பொருத்திப் பொருத்தித் தனி ஆட்களின் பதிவுகளைத் திரும்ப உருவாக்க முடியும். 2010 அட்டவணைகளை வைத்து பீரோவின் ஆய்வாளர்களே இதைச் செய்து பார்த்தார்கள். எனவே 2020-ல் வெளியிடும் எண்களில், வேண்டுமென்றே, அளந்து, கொஞ்சம் ‘இரைச்சல்’ கலந்தார்கள், அதாவது எண்களைக் குலுக்கல் முறையில் சற்றே கூட்டியோ குறைத்தோ வைத்தார்கள். மாநில மொத்தத்திலும், தெருத் துண்டுகளில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையிலும் கைவைக்கவில்லை. மற்ற தலைக்கணக்குகளில், கவுண்டியின் மக்கள்தொகை உட்பட, ஓரிரு தலை கூடலாம், குறையலாம். கோடிப் பேர் வாழும் இடத்தில் இது தூசு. சின்ன இடத்தில் கண்ணை உறுத்தும். நெப்ராஸ்காவில் மொனோவி என்ற கிராமத்தில் ஒரே ஒரு மூதாட்டிதான் வசித்தார். மேயர், நூலகர், உணவு விடுதிக்காரர் எல்லாம் அவரே. 2020 சென்சஸ் அங்கே இரண்டு பேர் என்றது. இரண்டாவது ஆள் கணிதத்தின் உபயம்.

அமெரிக்க சென்சஸ் படிவங்கள் 72 ஆண்டுகள் பூட்டி வைக்கப்படும். 1950-ன் படிவங்கள் 2022 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டன. அந்த விதி மாறாதிருந்தால், இரைச்சல் கலக்காத லவிங் கவுண்டியைப் பெயர் பெயராக எண்ணிப் பார்க்க 2092 வரை காத்திருக்க வேண்டும்.