கடைசிப் பக்கத்தில் டாக்டர் எதற்கு?

எழுதி முடித்த பிறகுதான் திகில் கதைக்காரர்களுக்கு மனநல மருத்துவரின் ஞாபகம் வரும். போன மாதம் நண்பர் ஒருவர் மனநல மருத்துவரான என்னிடம் இருபது பக்கக் கதையோடு வந்தார். பதினெட்டுப் பக்கம் வரை ஒரு வீடு, ஒரு பெண், மாடியில் நடமாட்டம். அடுத்த பக்கத்தில் ஒரு டாக்டர் நுழைந்து, ‘இவளுக்கு மனச்சிதைவு. அதாவது ஒரே உடம்பில் இரண்டு ஆள்’ என்று விளக்கிவிட்டுப் போகிறார். “மருத்துவ ரீதியாகச் சரியா, பாருங்க” என்றார் நண்பர்.

சரியில்லை. ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்பது வேறு கோளாறு. 1908இல் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் மனச்சிதைவுக்கு, பிளந்த மனம் என்ற பொருளில், ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று பெயர் வைத்தபோது, எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலுள்ள இணைப்பு விட்டுப்போவதைத்தான் பிளவு என்றார். பெயரில் பிளவு இருக்கிறதே என்று கதாசிரியர்கள் ஆளையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். போகட்டும், கதைக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. பதினெட்டுப் பக்கம் சிறுகச் சிறுகச் சேர்த்த பயத்தை ஒரு மருந்துச் சீட்டு கரைத்துவிடுகிறது.

பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னிடம் வருகிறவர்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கும் பையன் ஒருவன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) காலையில் வந்து படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்காருகிறார்கள் என்றான். அமுக்குவான் பேய் என்று அம்மா மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். நாங்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்போம். கனவு வரும் தூக்கத்தில் கைகால் அசையாதபடி தசைகளை மூளை தளர்த்தி வைக்கும். சில நேரம் விழிப்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கிவிடும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சில நொடியோ ஓரிரு நிமிடமோ, அவ்வளவுதான். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை.

ஆனால் அவன் சொன்ன விதம் இருக்கிறதே: “ஃபேன் ஓடிட்டிருந்துது சார். அம்மா குக்கர் வெச்சிருந்தாங்க. கதவுகிட்ட ஒண்ணு நின்னுது. ஒண்ணும் பண்ணல. மூணாவது விசிலுக்கு அம்மா என்னை எழுப்ப வருவாங்க. ரெண்டு வந்துடுச்சு.”

‘கோரமான’ இல்லை, ‘பயங்கரமான’ இல்லை. அந்த உருவத்துக்கு முகம்கூட இல்லை. இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டான். நிஜமாகப் பயந்தவர்கள் அடைமொழி போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எதெல்லாம் வழக்கம்போல் இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

காதில் குரல் கேட்பவர்களும் அப்படித்தான். கதைகளில் அந்தக் குரல் ‘கொல்லு, கொல்லு’ என்று கத்தும். கட்டளையிடும் குரல்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலருக்கும் கேட்பது வெறும் வர்ணனை. ‘எழுந்துட்டான். தண்ணி குடிக்கிறான். சட்டைய மாத்துறான்.’ இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல, நாள் முழுக்க. இதை எழுதிப் பாருங்கள், கத்தி தேவைப்படாது. அங்கே பயந்துபோயிருப்பது குரல் கேட்கிறவர். நம் கதைகள் அவரையே பூதமாக்கிவிடுகின்றன. உண்மையில் இவர்கள் பிறரை அடிப்பதைவிட, பிறரிடம் அடி வாங்குவதுதான் அதிகம்.

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்திருக்கிறது. ஆனாலும் காத்து கருப்பு என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். கோயிலுக்கோ தர்காவுக்கோ போங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பேன். இதற்கெல்லாம் கதைகள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘மனநோயாளி என்றால் ஆபத்தானவன்’ என்ற நெருப்பில் அவையும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகின்றன.

பேய்க்கதையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். விளக்கை எரியவிட்டுத் தூங்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன். பேய் பேயாகவே இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நண்பரிடம் டாக்டரை வெளியே அனுப்பச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார், ஆனால் திருத்தினார். மாடிப்படி மொத்தம் பன்னிரண்டு. கட்டிலில் படுத்திருக்கும் பெண், தங்கை ஏறிவரும் காலடிகளை எண்ணுகிறாள். பதின்மூன்றாவது கேட்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டார். படித்த அன்று நானும் எங்கள் வீட்டுப் படிகளை எண்ணிக்கொண்டேதான் ஏறினேன்.

பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாராம். கதை பிடித்திருக்கிறது, முடிவுதான் விளங்கவில்லை, கடைசியில் ஒரு டாக்டரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.