போல்ட் இழுத்துக்கொள்ளாது, தம்பி

போன கிழமை விசுவமடுப் பக்கமிருந்து ஒரு கொறோலாவை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கயிறு கட்டி எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். ஓட்டோ கியர் வண்டி. முன்சில்லு தரையில் உருள உருளப் பரந்தன் வரைக்கும் வந்திருக்கிறது. எஞ்சின் ஓடாமல் சில்லு மட்டும் உருண்டால் கியர் பொக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது. அது தனிப் பாவம், இன்றைக்கு விடுவோம்.

“அண்ணை, ஸ்டார்ட் வருது. முன்னுக்கும் போகுதில்லை, பின்னுக்கும் போகுதில்லை” என்றான் பொடியன். கீழே படுத்துப் பார்த்தேன். பெல் ஹவுசிங்கின், அதாவது எஞ்சினோடு ஒட்டும் கியர் பொக்ஸின் வாய்க் கூட்டின், போல்ட் போடும் ஒரு காது வெடித்திருந்தது. மிச்சத்தைக் கழற்றாமலே விளங்கிவிட்டது. இந்த வருடம் இது நாலாவது வண்டி. ஒழுகினது கிராங்கின் பின்பக்க சீல், ஒரு றப்பர் வளையம். அதை மாற்றக் கியர் பொக்ஸை வீட்டிலேயே கழற்றிப் பூட்டப் போய் இப்போது கியர் பொக்ஸே இல்லை.

வீட்டில் கழற்றாதே என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிய சனம் நாங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல்தான். இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கை வைக்கிறவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேச்சை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை: “கொஞ்ச இடைவெளிதான் அண்ணை, போல்ட்டைப் பூட்டினால் இழுத்துக்கொள்ளும்.”

இழுத்துக்கொள்ளாது. போல்ட் இருப்பது பிடித்து வைத்திருக்க. கியர் பொக்ஸ் கையால் தள்ளும்போதே டவல் பின்னில், அந்த வழிகாட்டி முளைகளில், ஏறி, எஞ்சினோடு சுற்றிவர ஒட்டி நிற்க வேண்டும். பிறகுதான் ஸ்பனரைத் தொடலாம். ஒரு விரல் இடைவெளி நிற்கிறதென்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. ஓட்டோ கியரில் பத்துக்கு ஒன்பது தரம் தடுப்பது டோர்க் கொன்வேட்டர்தான். இரண்டு சட்டிகளை முகத்துக்கு முகம் ஒட்டியதுபோல இருக்குமே, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கிற சாமான், அது. அதன் கழுத்து ஒரே இடத்தில் உட்காருவதில்லை. வெளித் தண்டின் பல், உள்தண்டின் பல், கடைசியாக எண்ணெய்ப் பம்பின் வெட்டு, மூன்றிலும் பொருந்த வேண்டும். கையால் உள்ளே தள்ளியபடி மெல்லச் சுழற்றினால் ‘டொக்’ என்று ஒருக்கா விழும். அதோடு சரி என்று நினைக்கிறார்கள். இன்னும் சுழற்றுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறையும் விழும், கைக்குத் தெரியும். பெல் ஹவுசிங்கின் வாய்க்குக் குறுக்கே நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்தால் கொன்வேட்டர் நன்றாக உள்ளே போயிருக்கும்.

அது உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் அத்தனை அழுத்தமும் பம்பில் போய் விழுகிறது. பம்ப் உடையும், இல்லாவிட்டால் காது வெடிக்கும். இந்தப் பொடியனுக்கு இரண்டும். வடித்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தேன். வெள்ளித் தூள் பூசியதுபோல மினுங்கியது.

சரியாகப் பூட்டினதுக்கு அடையாளம் இன்னொன்று. கியர் பொக்ஸ் எஞ்சினோடு ஒட்டிய பிறகும் கொன்வேட்டர் கையால் லேசாகச் சுற்ற வேண்டும். அதற்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும், அதாவது கிராங்கில் பூட்டிய மெல்லிய தட்டுக்கும், நடுவில் சில மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதை முன்னுக்கு இழுத்துத்தான் போல்ட் போடுவது.

பிழை கழற்றும்போதே தொடங்கிவிடுகிறது. கொன்வேட்டரின் போல்ட்டைக் கழற்றாமல் இவன் கியர் பொக்ஸை அலவாங்கு போட்டு நெம்பியிருக்கிறான். அலுமினிய முகமெல்லாம் பள்ளம். கிராங்கைச் சொக்கெற் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கீழ் மூடியாலோ ஸ்டாட்டர் ஓட்டையாலோ அந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முதலில் எடுங்கள். கொன்வேட்டர் கியர் பொக்ஸோடுதான் வர வேண்டும். அது வழுகி விழாமல் கம்பியால் கட்டுங்கள். பாரமான சாமான், காலில் விழுந்தால் தெரியும். கை கியர் வண்டியென்றால் கியர் பொக்ஸைத் தண்டில் தொங்க விடாதீர்கள், கிளச் பிளேட்டின் நடு வளைந்துவிடும். கிளச் தூசியை ஊதவும் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். திறப்பை எடுத்துவிட்டேன் என்பது போதாது. ஸ்டாட்டர் வயரில் எந்நேரமும் கரண்ட் நிற்கும்.

இனிச் சொல்வதைத் திட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். ஜக் தூக்கத்தான், தாங்க இல்லை. மழை பெய்த முற்றத்து மண்ணில் அது சரியும் நேரம் உங்களுக்குத் தெரியாது. சீமெந்துக் கல் அடுக்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் பாரக் கட்டை அடுக்குங்கள். எங்கள் கராஜில் இன்னும் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டைகள் இருக்கின்றன, ஒரு காலத்தில் பங்கர் மூடியவை. வந்து இரவல் கேளுங்கள், தருவேன். மாமரக் கொப்பில் செயின் புளொக் மாட்டுகிறவர்களுக்கு: கொப்பு முறிவதற்கு முதல் அறிவித்தல் தராது. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் தாங்கும் மவுண்டிங்கைக் கழற்றிய பிறகு எஞ்சினுக்கும் தனியாக முண்டு வேண்டும். கியர் பொக்ஸ் போனதும் அது சரியும்.

பொருந்தவில்லையா, அப்படியே விட்டுவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. பொடியனின் கொறோலா கராஜ் மூலையில் கட்டையில் நிற்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பாவித்த கியர் பொக்ஸ் ஒன்று கிடைக்குமா என்று. அந்தச் சீலையும் அவன் தலைகீழாகத்தான் போட்டிருந்தான்.