பையன் கிரேட் லேக்ஸில், பிரஷர் அப்பாவுக்கு

"அம்மா சீரியஸ்" என்று ஒரு பொய்க் கடிதம் கேட்டு இனி யாரும் என் கிளினிக்குக்கு வர வேண்டாம். தரமாட்டேன். போன வாரமும் ஒரு தம்பதி வந்தார்கள். மகன் அமெரிக்க நேவியில் சேர்ந்து பூட் கேம்ப் என்ற ஆரம்பப் பயிற்சிக்குப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போன் இல்லை, டாக்டர் லெட்டர் இருந்தால் ரெட் கிராஸ் வழியாக அவனைப் பேச வைத்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அழுகையும் தூக்கமின்மையும் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் பிரஷர்தான் 190-ஐத் தாண்டி இருந்தது. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "அவன் போனதிலிருந்து எதுவும் ஞாபகம் இல்லீங்க" என்கிறார்.

நான் சிகாகோ புறநகரில் குடும்ப மருத்துவர். நேவிக்கு இப்போது நாடு முழுவதற்கும் ஒரே பூட் கேம்ப்தான், அது இங்கே வடக்கே கிரேட் லேக்ஸில் இருக்கிறது. சான் டியேகோவிலும் ஆர்லாண்டோவிலும் இருந்தவற்றை 90-களிலேயே மூடிவிட்டார்கள். அதனால் உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமல்ல, பயிற்சி முடிவில் நடக்கும் பட்டமளிப்புக்கென்று டெக்ஸஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வந்து இங்கே மயங்கி விழுகிறவர்களையும் பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே கதை. போன் வரவில்லை, அப்படியானால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை மறைக்கிறார்கள்.

இல்லை. தயவுசெய்து இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். போய்ச் சேர்ந்த அன்று ஒரு சின்ன அழைப்பு வரும், "வந்து சேர்ந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்" என்று சில வினாடிகள், அவ்வளவுதான். "குரலே சரியில்லை டாக்டர், மிரட்டிப் பேச வைத்த மாதிரி இருந்தது" என்பார்கள். எப்படி இருக்கும்? நாளெல்லாம் பயணம், தூக்கம் இல்லை, சுற்றிலும் அதட்டல், பின்னால் வரிசையில் இன்னும் எத்தனையோ பேர், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்தாக வேண்டும். அதில் "சாப்டியாப்பா"வுக்கு அவன் பதில் சொல்லவில்லை என்று மூன்று நாள் அழுவதில் அர்த்தம் இல்லை. அதன்பின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இது தண்டனை அல்ல, உங்கள் பையனுக்கு மட்டும் நடப்பதும் அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான். நடுவில் எப்போது பேச விடுவார்கள் என்பது டிவிஷனை, அதாவது அவன் இருக்கும் பயிற்சிக் குழுவைப் பொறுத்தது, அன்றைய அட்டவணையைப் பொறுத்தது. சிநேகிதியின் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டாள் என்பதால் உங்கள் மகன் பேசாதது ஆபத்து என்று ஆகாது. பயிற்சிக் காலம் எவ்வளவு என்பதிலும் ஒரு குழப்பம். இணையத்தில் பழைய பக்கங்களைப் பார்த்து எட்டு வாரம், பத்து வாரம் என்று நாள்காட்டியில் கோடு போடுகிறார்கள். 2022-இல் எட்டைப் பத்தாக்கினார்கள், 2025 ஜனவரியில் ஒன்பதாகக் குறைத்தார்கள்.

உண்மையிலேயே பலத்த அடிபட்டாலோ ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ, அவன் எழுதிக் கொடுத்த நெருங்கிய உறவினருக்கு நேவியே தகவல் சொல்லும். அந்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்துதான் வரும். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் அழைப்புக்காக விடிய விடிய விழித்திருக்கிற இதே பெற்றோர்தான் தெரியாத எண்கள் எல்லாம் ஒலிக்காதபடி போனில் அமைத்து வைத்திருக்கிறார்கள்! முதலில் அதை மாற்றுங்கள்.

அதே மூச்சில் இன்னொன்று. தெரியாத எண்ணிலிருந்து யாராவது பேசி, உங்கள் மகனுக்கு விடுப்பு வாங்கப் பணம் அனுப்புங்கள், பட்டமளிப்புக்கு டிக்கெட் வாங்குங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். விடுப்பை எந்தப் படையும் விற்பதில்லை, விழாவுக்கும் கட்டணம் கிடையாது.

அப்புறம் அந்தப் பெட்டி. அவன் உடுத்திப் போன துணி, செருப்பு எல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் வீட்டுக்குத் திரும்பி வரலாம். ஆள் வராமல் துணி மட்டும் வருவதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது எனக்கும் தெரியும். ஒரு பாட்டி பெட்டியைப் பார்த்தவுடன் ஒப்பாரியே வைத்துவிட்டார், பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே சீருடை கொடுத்துவிட்டார்கள், பழைய துணிக்கு வேலை இல்லை, அதனால் அனுப்புகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

முதல் கடிதமும் இப்படித்தான் கலக்கும். "தப்புப் பண்ணிட்டேன், என்னை எப்படியாவது கூட்டிட்டுப் போங்க" என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. எழுதி, தபாலில் கிடந்து, உங்கள் கைக்கு வருவதற்குள் அவன் வேறு ஆளாகியிருப்பான். அதைப் படித்துவிட்டு, அவனை நேவியில் சேர்த்துவிட்ட ரெக்ரூட்டருக்கு நாற்பது தடவை போன் போடாதீர்கள். ஆனால் வாழவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்ற தொனியில் ஒரு வரி இருந்தாலும் அதை ஏக்கம் என்று ஒதுக்காதீர்கள். அன்றே பயிற்சி மையத்தைத் தொடர்புகொண்டு அங்கிருக்கும் மதகுருவான சாப்ளெயினிடம் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள், குடும்பத்தாரும் பேசலாம்.

குரலில் இருமல் கேட்டால் பதறாதீர்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பிள்ளைகளை ஒரே கூடத்தில் தூங்க வைத்தால் எல்லோருக்கும் சளி பிடிக்கத்தான் செய்யும். தடுப்பூசிகள் போட்டுத்தான் விடுகிறார்கள். சளி, காய்ச்சலைத் தரும் அடினோவைரஸுக்கு மாத்திரை வடிவில் ஒரு தடுப்பு மருந்து இருக்கிறது, ராணுவத்துக்கு மட்டும்தான். நான் கேட்டாலும் எனக்குக் கிடைக்காது.

சரி, ரெட் கிராஸ் விஷயம். இராணுவத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு அவசரச் செய்தியைக் கொண்டு சேர்க்கும் அவர்களது எண் 1-877-272-7337, இரவு பகல் எந்நேரமும் இயங்கும். நீங்கள் சொன்னதை அப்படியே அனுப்பமாட்டார்கள். ஆஸ்பத்திரியையோ டாக்டரையோ கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள், அந்தப் போன் எனக்குத்தான் வரும், நான் உண்மையைத்தான் சொல்வேன். செய்தி போனாலும் அவனை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது மேலதிகாரிகளின் முடிவு. பொய் என்று தெரியவந்தால் அவமானப்படுவது உங்கள் பிள்ளை. இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஒரு அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். "பையன் மனசு கெட்டுடும், சொல்ல வேணாம்" என்று குடும்பமே மூடி மறைத்தது. பட்டமளிப்பு அன்று அப்பா ஏன் வரவில்லை என்று அவன் கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை. அந்த ரெட் கிராஸ் எண் இருப்பதே இப்படி உண்மையான அவசரத்துக்காகத்தானே!

இனி உங்கள் உடம்பு. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், அவன் முடித்து வரும்வரை ஒருவேளைச் சாப்பாடு என்று வேண்டிக்கொள்ளும் அம்மாக்களே, கிளிமிபிரைடு என்ற ஷுகர் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் ஷுகர் தடாலென்று இறங்கும், மயங்கி விழுவீர்கள். இருந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் என்னிடம் வந்து மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்பாக்கள் அழமாட்டார்கள், இரவு இரண்டு மணிக்குப் பெற்றோர் குழுக்களில் வதந்தி படிப்பார்கள். மார்பு இறுக்கமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் கேஸ் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் 911. என் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பதினேழு வயதில் சேர்ந்த பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று அந்த ஒரு கையெழுத்தை வைத்து வீட்டில் நடக்கும் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. உறவினரிடம் "ஏதோ டிரெயினிங் போயிருக்கான்" என்று மழுப்புவதையும் விடுங்கள். இன்ஜினியரிங் கிடைக்கலையா என்று கேட்கிற சித்தப்பாவுக்குப் பயந்து, ஆறுதலாகப் பேச ஒரு ஆள்கூட இல்லாமல் இரண்டு பேரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறீர்கள்.

கடிதம் எழுதுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று. சாதாரண வெள்ளை உறை போதும், பூ ஸ்டிக்கர் ஒட்டினால் அவனைத்தான் கிண்டல் செய்வார்கள். முறுக்கு, அதிரசம் அனுப்பாதீர்கள், அவன் கைக்குப் போகாது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதி என்ன பயன், உடைந்த ஆங்கிலமானாலும் அதிலேயே எழுதுங்கள். நாய் என்ன செய்தது, தங்கை யாரோடு சண்டை போட்டாள், இது போதும். உங்கள் கண்ணீரை அதில் எழுத வேண்டாம், பாவம்.

கடைசிக் கட்டத்தில் இரவு முழுக்க, சுமார் பன்னிரண்டு மணி நேரம், பேட்டில் ஸ்டேஷன்ஸ் என்ற சோதனை. கட்டிடத்துக்குள்ளேயே கட்டிய டிரேயர் என்ற மாதிரிக் கப்பலில் தீ, வெள்ளம் என்று பதினேழு சூழல்களைச் சமாளிக்க வேண்டும். அதை முடித்தால் ரெக்ரூட் தொப்பி போய் நேவி தொப்பி வரும், "நான் இப்போது செய்லர்" என்று அவன் போன் செய்வான். அந்த அழைப்பு வருவதற்கு முன் மாற்ற முடியாத விமான டிக்கெட் போடாதீர்கள். காய்ச்சல், காயம், நீச்சலில் தேறாதது என்று எதற்காகவாவது அவனைப் பின்னால் வரும் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டால் தேதி மாறிவிடும். ஊரிலிருந்து தாத்தா பாட்டியை அழைத்து வருவதானால் உள்ளே விட என்னென்ன காகிதம் வேண்டும் என்று பயிற்சி மையத்தின் அறிவிப்பை முன்னாலேயே பாருங்கள். விருந்தினர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

வாசலில் சோதனை, உள்ளே நீண்ட காத்திருப்பு, அதன்பின் விழா. காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும், ஹோட்டல் அறைப் பெட்டியில் வேண்டாம்.