தண்டவாளத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று சிக்னலுக்குத் தெரியாது

காஷ்மீரில் பனிஹாலுக்கும் பாரமுல்லாவுக்கும் இடையே குளிர்காலத்தில் தண்டவாளம் பனியில் புதைந்துவிடும். பனி வெட்டும் கருவியை முன்னால் மாட்டிய இன்ஜினை ஓட்டிப் பாதையைத் திறப்பார்கள். இன்ஜின் போன பிறகும் வேலை முடிவதில்லை. வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பிவிடும் பாயிண்ட் இருக்கும் இடங்களில், நகரும் தண்டவாளத்துக்கும் நகராத தண்டவாளத்துக்கும் நடுவே இறுகிக் கிடக்கும் பனியை ஆட்கள்தான் குனிந்து சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு கைப்பிடி அடைத்துக்கொண்டாலும் பாயிண்ட் முழுதாக மூடாது. திருநெல்வேலிப் பக்கம் இருப்புப் பாதைப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

நமக்குப் பனி இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை இருக்கிறது. பனி மேலே வந்து குவிவதால் பாதை மூடியிருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெள்ளமோ அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் நேராக, பளபளப்பாக, எப்போதும்போல்தான் இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் வரும் வழியில் ஜல்லியும் கரையும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் ஸ்லீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் ஊஞ்சலாகத் தொங்கியது. பயணிகள் ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளியிலும் தவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையிலும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்த வண்டி ஸ்டேஷனைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஆட்கள் இன்றும் பேசிக்கொள்வதுண்டு.

நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலைத் தாங்குவது இரும்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரும்பு, எடையைக் கட்டைக்குக் கடத்துகிறது. ஒவ்வொரு கான்கிரீட் கட்டையும் கால் டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள் வரை கிடக்கும். அந்தக் கட்டைகளைத் தாங்குவது அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டிருக்கும் கருங்கல் ஜல்லி. கூர்முனை உள்ள கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கட்டையை அசையாமல் பிடிக்கின்றன. இடுக்குகள் வழியே மழைத் தண்ணீரை வடித்தும் விடுகின்றன. வீட்டுக் கான்கிரீட்டுக்கு என்று இரண்டு கூடை ஜல்லியை ஓரத்திலிருந்து அள்ளிப் போகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஓரத்து ஜல்லிதான். அது குறைந்தால் சித்திரை வெயிலில் இரும்பு நீளும்போது பாதை நெளிந்துவிடும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிக்னல் பச்சையாக இருந்தால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தண்டவாளத்தில் ஓடும் மின்சுற்று, அந்தப் பகுதியில் வேறு வண்டி நிற்கிறதா என்பதைச் சொல்லும். தண்டவாளம் முறிந்திருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அடியில் இருந்த மண் முழுவதும் போய், இரும்பு மட்டும் முறியாமல் தொங்கினால் மின்சுற்று அறுபடாது. சிக்னலும் பச்சையிலேயே நிற்கும். இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில் லோகோ பைலட் கண்ணுக்கு இரண்டு கோடுகள்தான் தெரியும். வேகமாக வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் வேண்டும்.

1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நம் பக்கத்துக் குடும்பங்களை நோக்கி வந்த வண்டி அது.

இதனால்தான் மழைக்காலத்தில் இரவு ரோந்து போகிறோம். டார்ச், கொடி, தகர டப்பாவில் டெட்டனேட்டர்கள், அதாவது தண்டவாளத்தின் மேல் வைக்கும் எச்சரிக்கை வெடிகள். உடைப்பைக் கண்டால் அங்கிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். ஆனால் ரோந்துக்காரர் ஓர் இடத்தைத் தாண்டிப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தைப் பார்க்க எங்கள் ஆள் இல்லை. அருகில் வயலில் நிற்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும்தான் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு மழை நாளில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ரயில்வே கேட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் கலங்கலாகக் கசிகிறது” என்றார். கேட்கீப்பர் உடனே ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது கரையின் அடிவாரத்தில் எலி வளை அளவுக்கு ஓட்டை. செம்மண் கரைந்த தண்ணீர் அதன் வழியாகக் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. குளத்துக்கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பொறுக்கலாம், கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மணல் மூட்டைகளை அடுக்கி, வண்டிகளை மெதுவாக விட்டு அன்றைக்குச் சமாளித்தோம்.

தண்ணீர் அங்கே ஏன் முட்டி நின்றது? சிறுபாலத்தின் வாயை அமலைச்செடியும் வாழை மட்டையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. தாமிரபரணிப் பாசனத்தில் குளத்துக்குக் குளம் மறுகால் பாயும். அந்த வழியில் குறுக்கே நிற்கும் ரயில் கரை, சிறுபாலம் திறந்திருக்கும்வரைதான் கரை. அடைபட்டால் அது மதகில்லாத அணை. சிறுபாலத்துக்கு எதிரே மண் கொட்டி மேடாக்கி மனை போடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு மழையைவிட அதிகப் பயம் வருகிறது. ரயில்வே எல்லைக்குள் நாங்கள் தூர்வாருவோம். அதற்கு அப்பால் இருக்கும் ஓடையை ஊர்தான் காக்க வேண்டும்.

ரயில்வே கேட்டிலும் கவனம் தேவை. சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்குத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். நாற்று நடவுக் காலத்தில் உழவு டிராக்டர்கள் கொண்டுவரும் சேறு அதில் விழுந்து, காய்ந்து, கல்லாக இறுகிவிடும். அதன் மேல் சக்கரம் ஏறினால் வண்டி தடம் புரள வாய்ப்புண்டு. கேட்கீப்பர் கம்பியால் அதைக் குத்திக் குத்தி எடுப்பது காஷ்மீரில் பனியைச் சுரண்டுவதற்குச் சற்றும் குறைந்த வேலையில்லை. வயலை விட்டு ஏறும்போதே டயரில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு வாருங்கள்.

உடைந்த பாதையை வேடிக்கை பார்க்க அதன் மேல் நடக்காதீர்கள். தொங்கும் கட்டை எப்போது சரியும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

கரையில் புதிய வெடிப்பு, சரிந்த ஜல்லி, கலங்கல் கசிவு, ஒரு பக்கம் மட்டும் ஏறி நிற்கும் தண்ணீர் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் பக்கத்துக் கேட்டிலோ ஸ்டேஷனிலோ சொல்லுங்கள். இல்லையென்றால் 139க்குப் போன் செய்யுங்கள். “வாய்க்கால் பக்கத்தில்” என்றால் எங்களுக்கு இடம் பிடிபடாது. மின்மயமான பாதையில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொன்னால் நேராக அங்கே வந்துவிடுவோம்.

போன் கிடைக்காத நேரத்தில் ரயில் வந்துகொண்டிருந்தால், கையில் இருக்கும் துணியை, இரவானால் டார்ச்சை, வேகவேகமாக ஆட்டுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வேறு நிறமானாலும் பரவாயில்லை, பலமாக ஆட்டினால் அதை ‘நிறுத்து’ என்றுதான் டிரைவர் எடுத்துக்கொள்வார். உடைப்புக்குப் பக்கத்தில் நின்று ஆட்டினால் வண்டி நிற்க இடம் போதாது. ரயிலுக்கு எதிராக, அது வரும் பக்கத்தை நோக்கி, தண்டவாளத்தை விட்டு விலகி, முடிந்த தூரம் ஓடிப் போய் நின்று ஆட்டுங்கள்.