உளநல விடுதியில் காசு கேட்பதில்லை: செலவு இருப்பது வேறிடத்தில்

வன்னியில் உளநலப் பிரிவொன்றில் சமூகப் பணியாளராக இருக்கும் என்னிடம், நோய் என்ன, எப்போது மாறும் என்ற கேள்விகளுக்கு முன்னரே குடும்பத்தவர்கள் கேட்பது பணத்தைப் பற்றித்தான். "மிஸ், மொத்தமா எவ்வளவு முடியும்? மாட்டை வித்துப்போட்டுக் கொண்டுவந்து கட்டுறம்" என்று கேட்ட தகப்பன்மாரும் உண்டு, சங்கிலியை அடகு வைத்துவிட்டு மகளை அழைத்து வந்த தாய்மாரும் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கட்டுவதற்கு எதுவும் இல்லை என்பதே. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அனுமதிக்கோ, கட்டிலுக்கோ, வைத்தியரின் பார்வைக்கோ, நோயாளியின் சாப்பாட்டுக்கோ கட்டணம் இல்லை. உளநோய்க்கும் இதே நடைமுறைதான். ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்று அஞ்சிப் பேசப்படும் மின்வலிப்புச் சிகிச்சைகூட, மயக்க மருந்து உட்பட, விடுதியில் இலவசமாகவே வழங்கப்படுகிறது.

இல்லாத கட்டணத்துக்கு அஞ்சியே பலர் தாமதிக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அந்தத் தாமதத்தில் போகும் பணம் பெரிது. செய்வினை என்று யாரோ சொல்ல, கழிப்புக் கழிக்கவும் நூல் கட்டவும் ஊர் ஊராகத் திரிந்து, கையிலிருந்ததை எல்லாம் கொடுத்து முடித்த பின்னரே விடுதி வாசலுக்கு வருகிறார்கள். கோயிலில் நேர்த்தி வைப்பதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லிப் பணம் வாங்குபவர்களைப் பற்றியே இங்கு பேசுகிறேன். இன்னொரு தவறான எண்ணம், விசேட வைத்திய நிபுணரை வெளியில் 'சனல்' பண்ணினால்தான், அதாவது தனியாரிடம் காசு கட்டிப் பார்த்தால்தான், கட்டில் கிடைக்கும் என்பது. வெளிநோயாளர் பிரிவுக்கோ, நிலைமை கடுமையாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ நேரே அழைத்து வந்தால், அங்குள்ள வைத்தியர் பார்த்து விடுதியில் அனுமதிப்பார். அதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையும் இலவசமே.

அப்படியானால் குடும்பம் ஏன் கடன்படுகிறது? பெரும்பாலும் உடன் நிற்பவரால்தான். உளநல விடுதிகளில் முதல் நாட்களிலேனும், சில வேளை முழுக் காலத்துக்கும், நோயாளியின் அதே பாலைச் சேர்ந்த உறவினர் ஒருவரைத் துணைக்கு நிற்கச் சொல்வது வழக்கம். நோயாளிக்குச் சாப்பாடு விடுதியில் கிடைக்கும்; துணைக்கு நிற்பவர் மூன்று வேளையும் வெளியில்தான் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு அவருடைய கூலி. நாட்கூலி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரத்தில் 18 வேலை நாட்களுக்கு 45,000 ரூபாய் வராமல் போகிறது. நோயாளியும் உழைப்பவராக இருந்தால் அது இரட்டிப்பாகும். காலபோக அறுவடை நேரத்திலோ கடலில் மீன்பாடு நல்லாக இருக்கும் மாதங்களிலோ இந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்யவும் முடியாது. போருக்குப் பின் பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் இங்கு பல. மகள் நோயாளியாக, தாய் துணைக்கு நிற்க, வீட்டில் பேரப்பிள்ளைகளை அயலவர் பார்க்கும் நிலையில், பாடசாலைக்கு ஒழுங்காகப் போவது முதலில் நின்றுபோகிறது. இந்தச் செலவு எந்தத் துண்டிலும் எழுதப்படுவதில்லை. ஆகையால் எவரும் அதை முன்கூட்டி நினைத்துப் பார்ப்பதில்லை.

எனவே அனுமதிக்கும் நாளிலேயே விடுதிப் பொறுப்புத் தாதியிடம் இரண்டு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன். துணைக்கு ஆள் எத்தனை நாட்களுக்குக் கட்டாயம்? உறவினர்கள் முறை மாறி நிற்கலாமா? பல இடங்களில் நோயாளி ஓரளவு அமைதியடைந்ததும் இரவுத் துணை போதும் என்பார்கள். ஆனால் கேட்காதவருக்கு அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. துணைக்கு ஆளே இல்லாத குடும்பம் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆள் இல்லை என்பதற்காக நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன், அது தேவையற்றது.

அடுத்தது பயணம். துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒரு தடவை வந்து போவதற்கு ஒரு நாள் முழுதாகப் போய்விடும். கடைசி பஸ் தவறினால் ஓட்டோவுக்குக் கொடுப்பது ஒரு நாள் கூலியை விழுங்கும். நோயாளி ஓரளவு குணமானதும், வீட்டுச் சூழலில் எப்படி இருக்கிறார் என்று பார்க்கச் சில நாட்களுக்கு வீட்டுக்கு அனுப்பி மீண்டும் வரச் சொல்வதும் உண்டு. அந்தப் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரிதாக, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு மாற்ற நேர்ந்தால், வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றர் அளவு தூரம். வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்கு மாற்றும்போது அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பார்க்கப் போவதும் அழைத்து வருவதும் குடும்பத்தின் செலவு. ஆகையால் மாற்றம் பற்றிப் பேச்சு வரும்போதே, எத்தனை நாளைக்கு, திரும்ப அனுப்புவது எப்படி என்பதைத் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகள் வைத்தியசாலையிலேயே கிடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் அப்படி ஒரு துண்டு கிடைத்தால், வாங்க முடியவில்லை என்பதற்காக மருந்தையே விட்டுவிடாமல், அதே வேலையைச் செய்யும், வைத்தியசாலையில் உள்ள வேறு மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் உண்டு. வாங்கத்தான் வேண்டும் என்றால், வணிகப் பெயரை அல்லாமல் மருந்தின் மூலப் பெயரைச் சொல்லி, முடிந்தால் அரச ஒசுசல மருந்தகத்தில் வாங்குவது மலிவு. மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கடுமையான உளநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் மருந்தைத் தொடங்குபவர்களுக்கு ஆரம்ப மாதங்களில் வழமையாக வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. பரிசோதனை இலவசமாகவே இருந்தாலும் பஸ் இலவசம் அல்ல. அருகிலுள்ள வைத்தியசாலையில் இரத்தம் எடுத்து அனுப்ப முடியுமா என்பது கேட்கத் தக்க கேள்வி.

தனியார் வைத்தியசாலையை நாடும் குடும்பங்களும் உண்டு, முக்கியமாக வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள். அங்கே அறை வாடகை, வைத்தியர் ஒவ்வொரு நாளும் பார்க்கும் கட்டணம், தாதியர் சேவை, மருந்து, பரிசோதனை எல்லாம் தனித்தனியாகவே ஏறும். உளநோய்ச் சிகிச்சை நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் போகக்கூடியது. முற்பணம் கட்டும் முன் ஒரு வாரத்துக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி இருந்தால், உளநோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள், ஏனெனில் முகவர் வாயால் சொல்வது பின்னர் நிற்பதில்லை.

அனுமதித்த நாளின் பதற்றத்தில் நுண்நிதி நிறுவனத்திடம் கையெழுத்து வைப்பதை நான் எப்போதும் தடுப்பேன். வாரத் தவணை, உழைப்பவர் விடுதியில் இருக்கும்போதே தொடங்கிவிடும். அதற்கு முன் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். 2023 ஜூலையிலிருந்து நடைமுறையிலுள்ள அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவில், வறுமைக்கான கொடுப்பனவுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவும் உண்டு. நெடுநாள் உளநோயால் உழைக்க இயலாதவருக்கு இதை விண்ணப்பித்துப் பார்ப்பதில் தவறில்லை. "பிச்சைச் சம்பளம்" என்று நம் சனம் கூசிப் பேசும் பொதுசன உதவிப் பணத்தின் வரிசையில்தான் பலர் இதையும் வைக்கிறார்கள். கூச்சத்தால் விண்ணப்பிக்காதவர்களில் மிகவும் தேவையுள்ளவர்களே அதிகம். விண்ணப்பத்துக்கு, வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விபரம் எழுதித் தரும் நோய் நிர்ணய அட்டையும் வைத்தியரின் அறிக்கையும் வேண்டும். வீடு செல்லும் நாளில் இவற்றைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் அதற்காகவே ஒரு பயணம் வேண்டியதில்லை.

அந்த நாளிலேயே கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மாதக் கிளினிக்குக்குப் பஸ் காசு இல்லாமல் போகாமல் விட்டு, மருந்து நின்று, நோய் திரும்பி, மீண்டும் மூன்று வாரம் விடுதியில் இருப்பதே எல்லாவற்றிலும் பெரிய செலவு. மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற, வீட்டுக்குக் கிட்டிய வைத்தியசாலைகளில் நடக்கும் உளநலக் கிளினிக்குக்கு மாற்றிக் கடிதம் தருமாறும், மாத ஊசியை அங்கேயே போட ஒழுங்கு செய்யுமாறும் கேளுங்கள். கிளினிக்குக்கு வர முடியாத நாளில் மருந்தை நிறுத்த வேண்டாம். பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியுடன் உறவினர் ஒருவரை அனுப்பலாமா என்று கேளுங்கள். இரவில் எவரையும் அணுக முடியாவிட்டால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இல் தமிழிலும் பேசலாம்.