கருகல் வாசம் வந்தா மறுபடி ஆன் பண்ணாதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி செம்பனை தோட்டத்த ஒட்டுன ஊர்ல சாயங்காலம் மழை கட்டி இடி இடிக்கிறப்ப கம்ப்யூட்டர் பட்டுன்னு அணைஞ்சு கருகல் வாசம் வந்துச்சுன்னா, நம்ம ஆளுங்க மொதல்ல பண்றது பட்டன இன்னொரு தடவ அமுக்கி பாக்குறதுதான். தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. மொத தடவ போனது பெரும்பாலும் ஒரே ஒரு பார்ட்டுதான், ரெண்டாவது தடவதான் அது பக்கத்துல உள்ளதையும் சேத்து இழுத்துட்டு போவும்.

எப்படின்னா, பவர் சப்ளைலேந்து மதர்போர்டுக்கு வர்றது 12 வோல்ட்டு, ஆனா சிபியூவுக்கு தேவை சுமாரா 1.2 வோல்ட்டுதான். இத கொறைக்கிறது சிபியூ பக்கத்துல வரிசையா உக்காந்திருக்கிற மாஸ்ஃபெட்டுங்க, செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவ ஆன் ஆஃப் ஆவுற சுவிட்ச்சு. மாஸ்ஃபெட்டு கெட்டா அனேகமா ஷார்ட்டாதான் போவும், அதாவது ஆன் ஆன சுவிட்ச்சு ஆன்லயே நின்னுரும், அப்ப அந்த 12 வோல்ட்டு நேரா சிபியூ பக்கம் பாயுது. மொத தடவ பாதுகாப்பு சர்க்கியூட்டு கட் பண்ணி சிபியூவ காப்பாத்திருக்கலாம், அடுத்த தடவையும் காப்பாத்தும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதோட கருகுன போர்டு கார்பனா மாறிரும், கார்பன் கரண்ட கடத்தும், அதனால கெட்ட பார்ட்ட மாத்துனாலும் அந்த கருப்பு எடம் வழியா கரண்டு ஒழுகும்.

அதனால செவுத்து சுவிட்ச்ச அணைச்சு பிளக்கயும் புடுங்கிட்டு, கேசிங் மூடிய கழட்டி மூக்க கிட்ட வச்சு பாருங்க. மீன் கவிச்சி மாதிரி அடிச்சா கப்பாசிட்டர், அதாவது போர்டுல சின்ன டப்பா மாதிரி நிக்கிற பார்ட்டு, வெடிச்சு உள்ள இருந்த திரவம் கசிஞ்சிருக்கலாம், மண்ட உப்பி இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. தொண்டைய கரிக்கிற பிளாஸ்டிக் நெடின்னா ஒயரு இல்ல கனெக்டரு. பக்கத்து தாமான்ல (குடியிருப்புல) ஒரு அக்கா, "தம்பி, மதர்போர்டு போச்சாம், கடைல 600 வெள்ளி கேக்குறாங்க"ன்னு கூப்புட்டாங்க, போயி பாத்தா ஹார்ட் டிஸ்க்குக்கு போற மலிவான சாட்டா கன்வெர்ட்டர் ஒயரு, அதோட வாய்ப்பக்கம் பிளாஸ்டிக் உருகி மஞ்ச ஒயரும் கருப்பு ஒயரும் உள்ளுக்குள்ள ஒட்டியிருந்துச்சு. ஒயர மட்டும் மாத்துனோம், மெஷின் ஓடுது.

நெடி பவர் சப்ளைக்குள்ளேந்து வருதுன்னா அத தொறக்காதீங்க, மாத்திருங்க. நம்ம வீட்டு 230 வோல்ட்டு ஏசிய டிசி ஆக்குனா 325 வோல்ட்டு ஆயிரும், ஆக்டிவ் பிஎஃப்சின்னு கரண்ட சீரா இழுக்குற சர்க்கியூட்டு இருக்குற மாடல்ல 380 பக்கம் போவும், அது பெரிய கப்பாசிட்டர்ல பிளக்க புடுங்குன பிறகும் நிக்கும், ஆள அடிச்சு போட அது போதும். இடி நேரத்துல போனதுன்னா உள்ள வேரிஸ்டர்னு ஒரு சின்ன வட்ட பார்ட்டு எக்ஸ்ட்ரா வோல்ட்டேஜ தான் வாங்கிட்டு கருகிருக்கலாம், கூடவே ஃபியூஸும் போயிருக்கலாம்.

நெடி பவர் சப்ளைல இல்லன்னா மட்டும் அத தனியா கழட்டி, 24 பின் கனெக்டர்ல பச்ச ஒயரயும் ஒரு கருப்பு ஒயரயும் பேப்பர் கிளிப்பால சேத்து, அது தனியா ஓடுதான்னு பாக்கலாம். ஃபேன் சுத்துறத நம்பாதீங்க, மல்டிமீட்டர்ல மஞ்ச ஒயரு 11.4லேந்து 12.6 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

ஃபோட்டோ எல்லாம் போச்சேன்னு பயப்படுறவங்களுக்கு ஒன்னு. ஹார்ட் டிஸ்க்கு போர்டுல டிவிஎஸ் டயோடுன்னு ஒன்னு இருக்கும், பல மாடல்ல உண்டு, வோல்ட்டேஜ் ஏறுனா அது தானே ஷார்ட்டாகி மொத்த சப்ளையையும் அணைச்சுரும். டிஸ்க்க கழட்டுனதும் மெஷின் உயிர் வந்துச்சுன்னா அனேகமா போனது அந்த டயோடுதான், ஃபோட்டோ டிஸ்க்குக்குள்ள சுத்துற தட்டுல அப்படியே இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, ரிப்பேர் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, அதுவரைக்கும் அத எதுலயும் சொருகாதீங்க.