கொழுகொழுவென்று இருந்தாலும் ரத்தசோகை இருக்கலாம்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 58.6. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் 57. விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்ததால் கணக்கு கூடிவிட்டது என்பவர்கள் உண்டு. ரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பார்த்த 2016-18 ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயது வரை 41 சதவீதம்தான். அதையே வைத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு குழந்தை!

ஏழை வீட்டு வியாதி என்று நினைக்காதீர்கள். காரில் வந்து இறங்கும் ஒன்றரை வயதுக் குழந்தை, கன்னம் புசுபுசுவென்று இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8 கிராம். இந்த வயதில் 11-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். “சோறே இறங்க மாட்டேங்குது டாக்டர், பால்தான் புள்ளையக் காப்பாத்துது” என்பார் பாட்டி. எவ்வளவு பால் என்று கேட்டால், ஒரு லிட்டர்!

சோற்றை இறங்கவிடாமல் செய்வதே அந்தப் பால்தான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் சரியாகச் சேரவிடாது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியும். இரும்பு குறையக் குறையப் பசி மந்தமாகும். சாப்பிடவில்லையே என்று இன்னொரு பாட்டில் பால் போகும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்குள் போதும். பாட்டிலை நிறுத்தினால் சில நாள் வீடு ரெண்டுபடும், பரவாயில்லை.

சுவரைச் சுரண்டித் தின்பது, பல்பம், பச்சரிசி என்று வாய்க்குள் போடுவது எல்லாம் குறும்பு என்று விட்டுவிடுகிறோம். அழுது அழுது மூச்சடைத்து நீலம் பாரித்துப் போகும் குழந்தையை வலிப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்கும் இரும்புச்சத்துக் குறைவுதான் இருக்கும்.

ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் கொடுப்பார்கள். அது சிவப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அசைவம் சாப்பிடும் வீடென்றால் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) சொல்லிவைத்து வாங்கி, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சைவமென்றால் கீரை, பயறு. கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால்தான் அந்த இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீயும் இரும்பைச் சேரவிடாது; அதில் ரஸ்க் நனைத்துக் கொடுப்பதை இன்றோடு விடுங்கள்.

வாரம் இரண்டு முறை ஒரு மில்லி கொடுக்கச் சொல்லி அரசு தரும் இரும்புச்சத்து சிரப், பல வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடக்கிறது. அது தடுப்புக்கான அளவு. ரத்தசோகை வந்த குழந்தைக்கு எடையைப் பார்த்து மருத்துவர் தனியாக எழுதித் தருவார். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், மருந்தின் நிறம்தான். பாலில் கலக்க வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால், சிரப்பை மாற்றிக் கேட்காதீர்கள். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.